வட்டார உறுப்பினர் மாகாண சபைக்குப் போட்டியிட விரும்புகிறார்: நாங்கள் ஆதரிக்கலாமா?

கொட்டாஞ்சேனை வாசி கேட்டது:

வணக்கம். 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலில் எங்கள் வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான உறுப்பினர், மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்பட்டால் தமது கட்சியிடம் வேட்பாளர் இடம் கேட்கப் போவதாகக் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டமொன்றில் கூறினார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மழை பெய்தால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் எங்கள் ஒழுங்கையின் வடிகானைத் துப்புரவு செய்தபோது, வேலை முடியும்வரை கூடவே நின்றவர் அவர். குப்பை லொறி வராத நாட்களில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்பவரும் அவரே. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து புதிய சபை கூடும்வரை, இரண்டு வருடங்களுக்கும் மேலாக ஒரு மனுவைக் கொடுக்கக்கூட உறுப்பினர் எவரும் இல்லாமல் அலைந்தவர்கள் நாங்கள். இப்போதுதான் ஒருவர் கிடைத்தார். அவரையும் மேலே அனுப்பிவிட்டால் எங்கள் ஒழுங்கைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் கருத்துக் கூறுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தம்பி, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வடிகானையும் குப்பையையும் தாண்டி நமக்கு இருக்கும் தேவைகளில் பெரும்பங்கு மாநகர சபையின் கையில் இல்லை. தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த ஏனைய அரச பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. நான் கற்பித்த பாடசாலையில் தமிழ் மொழிமூலக் கணித ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் தவித்த காலத்தில், பெற்றோர் அன்றைய மாநகர சபை உறுப்பினரிடம் போய் முறையிட்டார்கள். அவர் நேர்மையானவர், தம்மால் கடிதம் எழுத மட்டுமே முடியும், நியமனம் மாகாணத்திலிருந்துதான் வரவேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். மேல் மாகாண சபையின் காலமோ 2019 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஆளுநரே நிர்வாகத்தை நடத்திவருகிறார். கேள்வி கேட்க நாம் தெரிவு செய்த ஒருவர்கூட அங்கே இல்லை. ஒழுங்கைகளைத் தெரிந்த ஒருவர் அங்கே போய் உட்காருவதை நான் இழப்பாகக் கருதவில்லை.

வடகொழும்புப் பழையவர் எழுதியது:

அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. எனினும் போகும் வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாநகர சபையிலிருந்து மேலே போனவர்கள் கொழும்புக்குப் புதியவர்கள் அல்லர். பின்னாளில் ஜனாதிபதியான ரணசிங்க பிரேமதாச 1950 இல் மாநகர சபைக்குள் நுழைந்து, 1955 இல் பிரதி மேயராகி, 1960 இல் கொழும்பு மத்தியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அவரது அரசியலைப் பற்றி நம்மவர்களுக்குப் பல கருத்துகள் உண்டு, அது வேறு விடயம். நான் சொல்ல வருவது, அன்றைய கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் தொகுதியாக இருந்தாலும் நகரத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது என்பதைத்தான். நகரத்தின் வாழைத்தோட்டம் பகுதியில் எந்த மக்களிடம் வேலை செய்தாரோ, அதே மக்களிடமே அவர் வாக்கும் கேட்டார். மேலே போனபோதும் காலடி மண் மாறவில்லை.

இன்றைய நிலை அப்படியல்ல. மேல் மாகாண சபைக்குக் கடைசியாக 2014 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது, மாவட்டம் முழுவதும் ஒரே களமாக இருந்தது. கட்சிப் பட்டியலில் தமக்குப் பிடித்த வேட்பாளர்களை வாக்காளர் குறிக்கும் விருப்பு வாக்கு முறையும் இருந்தது. கொழும்பு மாவட்டத்தின் பதினைந்து தேர்தல் தொகுதிகளில் ஐந்து மட்டுமே நகரத்துக்குள் உள்ளவை. நகரத்துக்குள் மட்டக்குளியில் வேலை செய்தவர் வெளியே அவிசாவளையிலும் ஹோமாகமவிலும் விருப்பு வாக்குத் தேட வேண்டும், அதுவும் தமது கட்சியின் சக வேட்பாளர்களோடு போட்டியிட்டு. தமிழ் வாக்குகள் நகரத்தின் சில பகுதிகளில் செறிந்திருப்பதால், ஒரே பட்டியலில் இரண்டு மூன்று தமிழர் நின்றால் அந்த வாக்குகள் சிதறி ஒருவரும் வராமல் போகலாம். பாராளுமன்றத் தேர்தலிலும் இதே நெருக்கடிதான். 1999 இல் மேல் மாகாண சபைக்கும் 2001 இல் பாராளுமன்றத்துக்கும் தெரிவான கொழும்புத் தமிழ் அரசியல்வாதி மனோ கணேசன்கூட, 2024 நவம்பரில் தோல்வியடைந்து, கட்சி நேரடியாகப் பெயரிடும் தேசியப் பட்டியல் வழியாகவே மீண்டும் பாராளுமன்றத்துக்குள் வந்தார்.

2017 ஆம் ஆண்டுத் திருத்தம் மாகாணத்துக்கும், ஒரு பகுதியினரைத் தொகுதிவாரியாகவும் மற்றவர்களைப் பட்டியலிலிருந்தும் தெரிவு செய்யும் தொகுதி கலந்த முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கான தொகுதிகளின் எல்லைகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டதால் பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலை உருவானது. தொகுதி முறை வந்தால் உங்கள் உறுப்பினருக்கு வாய்ப்பு நல்லது. பழைய மாவட்டப் பட்டியல் முறைக்கே திரும்பினால், தேர்தல் முடியும்வரை உங்கள் ஒழுங்கையில் அவரைக் காண்பது அரிது. ஆகவே அவர் எந்த முறையில் போட்டியிட நேரும் என்பது தெரியும்வரை ஆதரவு தருவதாக வாக்குறுதி கொடுக்காதீர்கள் என்பதே என் எண்ணம்.

முகத்துவாரம் எழுதியது:

ஒரு விடயத்தை யாரும் சொல்லவில்லை. வட்டாரத்தில் வென்றவர் பதவி விலகினால் அங்கே இடைத்தேர்தல் நடப்பதில்லை; கட்சியின் செயலாளர் பெயரிடும் ஒருவரே அந்த இடத்துக்கு வருவார். அவர் உங்கள் பகுதியை அறிந்தவராக இருப்பார் என்று எந்த உறுதியும் கிடையாது. எனவே ஆதரவு கேட்டு வரும்போதே, தமக்குப் பதிலாக யாரைப் பரிந்துரைக்கப் போகிறார் என்பதைக் கேட்டுவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இடைத்தேர்தல் இல்லை என்பது உண்மையிலேயே எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவர் போனால் நாங்களே இன்னொருவரைத் தெரிவு செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆசிரியை அக்கா சொன்ன பாடசாலை விடயமும் மனத்தைத் தொட்டது, என் மகளின் வகுப்பிலும் அதே குறை இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து நலன்புரிச் சங்கம் கூடுகிறது. உறுப்பினரை அழைத்து, அவருக்குப் பின் வட்டாரத்தைப் பார்க்கப் போகிறவர் யார், முடிவடையாமல் இருக்கும் வேலைகளின் கோப்புகளை எப்படி ஒப்படைப்பார், மாகாண சபைக்குத் தெரிவானால் ஆசிரியர் வெற்றிடங்களுக்கு என்ன செய்வார் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப் போகிறோம். அவர் சொல்லும் பதிலை இங்கே எழுதுகிறேன்.