ஏரி உறைந்த பிறகு மீன்பிடி வழிகாட்டிக்கு என்ன வேலை?

சிலேத்தார் தூண்டில்:
கொஞ்ச நாளாக அமெரிக்காவின் வட மினசோட்டாவில் இருக்கும் ஒரு மீன்பிடி வழிகாட்டி எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோடையில் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் வாலாய் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கவைப்பவர், குளிர்காலத்தில் எழுத்தாளர். விறகு பிளப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறார், நாய் பனியில் எதையோ மோப்பம் பிடித்ததற்கு ஒரு பக்கம், மீனுக்கு நாலே வரி. ஆனாலும் பாதியில் விட முடியவில்லை.

நான் சிங்கப்பூரில் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் செயற்கை இரையோடு வருஷம் முழுக்கத் தூண்டில் வீசுகிறவன். நமக்கு சீசன் முடிவது என்று ஒன்று கிடையாது. டிசம்பர் மழையில் மின்னல் அடித்தால் ஒதுங்கி நிற்போம், அவ்வளவுதான். அதனால் கேட்கிறேன், மாதக்கணக்கில் ஏரி கல்லாகக் கிடக்கும்போது அவருக்கு வருமானம் எங்கிருந்து வரும்? அடியில் இருக்கும் மீன் என்னதான் செய்யும்? அப்புறம், இந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார்ந்து பார்க்க ஆசை. சரியாக வருமா?

ஓலு போய்வந்தவன்:
தம்பி, எனக்கு மினசோட்டா தெரியாது, ஃபின்லாந்தில் ஓலு என்ற ஊரில் வேலை பார்த்தவன். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் கோடையில் தோர்னியோ ஆற்றில் சால்மன் வழிகாட்டி. ஜூன் பிறந்தால் ஆளைப் பார்க்கவே முடியாது. குளிர்காலத்தில் சமையலறை மேசைதான் அவருக்குப் பட்டறை. மேசை விளிம்பில் ஒரு சின்னப் பிடிகருவி, அதில் தூண்டில் முள், அதன்மேல் நூலைச் சுற்றிச் சுற்றி சேவல் கழுத்து இறகையும் மான் முடியையும் கட்டி மீனை ஏமாற்றும் போலிப் பூச்சி செய்வார். மான் முடிக்குள் வெறும் காற்றுதான், அதனால்தான் மிதக்கிறது என்று ஒரு முடியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். பக்கத்து டப்பாவைத் திறந்தால் மயில் தோகை! அதிலிருந்து ஓர் இழையை உருவி முள்ளில் சுற்றியதும் பச்சையும் செம்பு நிறமுமாக நிஜப் பூச்சியின் உடம்பு போலவே மினுங்கியது. இது எங்கள் முருகனின் வாகனம் என்றேன். இவ்வளவு சின்னப் பறவை ஆளைத் தாங்குமா என்று கவலையோடு கேட்டார்.

படகைப் பழுதுபார்ப்பது, அடுத்த கோடைக்கு முன்பதிவு, பத்திரிகைக் கட்டுரை, இப்படித்தான் அவருக்குக் குளிர்காலம் ஓடும். கோடை முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் அது, வாயை மூட நேரம் கிடைப்பது அப்போதுதான். டிசம்பர் கடைசியில் ஓலுவில் சூரியன் மூன்றரை மணி நேரம்தான் தலைகாட்டும். உங்கள் ஆள் விறகைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஈசூன் மீனாட்சி:
அண்ணன் சொல்வது சால்மன் ஆற்றுக் கதை. நான் மினியாபொலிசில் படித்தவள், அங்கே நிலைமை வேறு. கனடா எல்லையில் இருக்கும் லேக் ஆஃப் த உட்ஸ் பக்கம் குளிர்காலம்தான் பெரிய வியாபாரம். ஹீட்டர் வைத்த குடிசைகளை ஏரிமேலேயே நிறுத்தி, வாடிக்கையாளர்களைப் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழிகாட்டியின் முதல் வேலை மீன் தேடுவது இல்லை, பனிக்கட்டியைத் துளைத்துத் துளைத்து அளப்பது. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் நடந்து போகவே குறைந்தது 4 அங்குலம் வேண்டும். பனி கலந்து வெள்ளையாக இருந்தால் பலம் பாதிதான், இரண்டு மடங்கு கனம் பார்ப்பார்கள். ஏரி முழுக்க ஒரே கனமாகவும் இருக்காது, நீரோட்டம் உள்ள இடத்தில் மெலிந்துவிடும்.

மீனுக்கு வருவோம். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் அது அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று உறையும். மீன் அடியில் மெதுவாக நகரும், குறைவாகச் சாப்பிடும். இரையை லேசாக மட்டும் ஆட்டுவது அதனால்தான். ஆபத்து குளிரால் இல்லை, மூச்சால். ஆழமில்லாத ஏரியின்மேல் பனி கனமாக மூடிவிட்டால் வெளிச்சம் இறங்காது, செடிகள் ஆக்சிஜன் விடாது, குளிர்காலக் கடைசியில் மீன்கள் கொத்தாகச் செத்துவிடும். பர்பாட் என்று ஒரு மீன் இருக்கிறது, நன்னீரில் வாழும் காட் வகை. அது ஊரோடு ஒத்துப்போகாது. நடுக்குளிரில், பனிக்கட்டிக்கு அடியில்தான் முட்டையிடும்.

பிடோக் ஜெட்டி:
ஜெட்டியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டுக் காலையில் ஒரு கொடுவாகூட இல்லாமல் வீட்டுக்குப் போனால் எனக்குத் திட்டு விழுகிறது. அங்கே அதையே எழுதினால் எழுத்தாளர் என்கிறார்கள். நடக்கட்டும்.

ஓலு போய்வந்தவன்:
பயணத்துக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். டிசம்பர் வேண்டாம். பனிக்கட்டி எல்லா இடத்திலும் நல்ல கனம் பிடித்திருக்கும் என்று நம்ப முடியாது, பிள்ளைகளுக்கு இருட்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. மார்ச் ஒரு வாரப் பள்ளி விடுமுறையில் போங்கள். பகல் பன்னிரண்டு மணி நேரம், வெயிலும் உண்டு, ஃபின்லாந்தின் வடக்கே லாப்லாந்து பக்கம் பனிக்கட்டி நல்ல கனமாக இருக்கும். துளை வழியாகச் சின்னத் தூண்டிலை ஆட்டிப் பிடிக்க அங்கே உரிமம்கூடத் தேவையில்லை, வெளிநாட்டுக்காரருக்கும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: துளையில் மெல்லிய படலம் மறுபடி மறுபடி உறைந்துகொண்டே வரும், நம் வீட்டில் வடை எடுக்கும் ஜல்லிக்கரண்டி மாதிரி ஒன்றால் அதை அள்ளிப் போட வேண்டும். சலிக்காமல் செய்வார்கள்.

ஈசூன் மீனாட்சி:
மார்ச்தான் என்றால் மினசோட்டா வேண்டாம், பெரும்பாலான ஏரிகளில் வாலாய் சீசன் பிப்ரவரி கடைசியோடு மூடிவிடும். லேக் ஆஃப் த உட்ஸ் விதிவிலக்கு, அங்கே ஏப்ரல் 14 வரை உண்டு.

சிலேத்தார் தூண்டில்:
அண்ணே, மீனாட்சி, ரொம்ப நன்றி. மார்ச் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான், ஏரி நடுவில் கழிப்பறை உண்டா?

ஈசூன் மீனாட்சி:
மினசோட்டாவில் வாடகைக்கு விடும் பெரிய குடிசைகள் சிலவற்றில் உண்டு, கட்டிலும் அடுப்பும்கூட இருக்கும். ஃபின்லாந்துக்கு அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஓலு போய்வந்தவன்:
முக்காலி உண்டு. மற்றதற்குக் கரைக்கு நடக்க வேண்டும்.