பைக் திருட்டு: சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள், எப்.ஐ.ஆர். போட என்ன வழி?

டெல்டாக்காரன்:
வணக்கம். அப்பா பெயரில் இருக்கும் ஸ்ப்ளெண்டரை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை எதிரில் நிறுத்திவிட்டு வெளியூர் போயிருந்தேன். இரவு திரும்பி வந்தால் வண்டி இல்லை. ஹேண்டில் லாக் போட்டிருந்தது, சாவியும் என்னிடம்தான். கடைக் கேமராவில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. தொப்பி போட்ட ஒருவன் வண்டி மேல் உட்கார்ந்து செல்போன் பார்ப்பதுபோல் நேரம் கடத்துகிறான். தெரு காலியானதும் ஹேண்டிலை ஓங்கி ஒரு உதை. லாக் உடைந்ததும் தள்ளிக்கொண்டே போய்விடுகிறான்.

ஸ்டேஷனில் ரைட்டர், “வண்டியைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும் என்று எழுதுங்கள்” என்றார். அப்படியே எழுதிக் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. எப்.ஐ.ஆர். கேட்டால், “கொஞ்ச நாள் தேடிப் பார்ப்போம், ஆர்.சி. ஓனர் நேரில் வரட்டும்” என்கிறார்கள். அப்பாவுக்கு 64 வயது, முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். இன்சூரன்ஸ்காரர்களோ எப்.ஐ.ஆர். இல்லாமல் க்ளெய்மைத் தொடமாட்டோம் என்கிறார்கள். அடுத்து யாரிடம் போவது?

நெடுஞ்சாலை ரைடர்:
முதலில் ஒன்று. பைனான்ஸ் பாக்கி ஏதாவது இருக்கிறதா? சீசிங் ஆட்கள் தூக்கியிருந்தால் கதையே வேறு.

டெல்டாக்காரன்:
பாக்கி இல்லை அண்ணா. கடன் முடிந்து ஆர்.சி.யிலும் நீக்கியாகிவிட்டது.

கோர்ட் வாசல்:
தம்பி, உங்கள் கையில் இருக்கும் சி.எஸ்.ஆர்., மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து யாரும் புலன்விசாரணை நடத்தப்போவதில்லை. திருட்டு, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு. புகாரிலேயே அப்படி ஒரு குற்றம் தெரிந்தால் எப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013லேயே சொல்லிவிட்டது. இப்போது நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173வது பிரிவிலும் அதே கடமைதான் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கொடுத்த மனுவில் “காணவில்லை” என்று மட்டும்தான் இருக்கிறது. ஆர்.சி. புக் தொலைந்த மனுவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இன்றே புதிதாக ஒரு புகார் எழுதுங்கள். எங்கே நிறுத்தினீர்கள், எத்தனை மணிக்கு, கேமராவில் தெரிபவன் என்ன செய்கிறான், எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறான், வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் இருக்கட்டும். “அடையாளம் தெரியாத நபர் திருடிச் சென்றுவிட்டார்” என்று பச்சையாக எழுதுங்கள். பழைய சி.எஸ்.ஆர். எண்ணையும் குறிப்பிடுங்கள்.

அப்புறம், அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம். குற்றம் நடந்தது தெரிந்த யாரும் புகார் கொடுக்கலாம், ஆர்.சி. ஓனர்தான் வர வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அவரிடம் விசாரிக்க வேண்டுமானால் அதே பி.என்.எஸ்.எஸ்.ஸில் 179வது பிரிவு இருக்கிறது: 60 வயதைத் தாண்டியவரை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

டெல்டாக்காரன்:
ரொம்ப நன்றி சார். “இந்த இடம் எங்கள் லிமிட்டே இல்லை” என்று ஒருவர் வேறு சொன்னார். அதற்கு என்ன செய்வது?

கோர்ட் வாசல்:
அதுவும் காரணம் ஆகாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று 173(1) சொல்கிறது. ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்கள் அனுப்பிக்கொள்ள வேண்டும். மின்னணு முறையில் அனுப்பினாலும் தகவல் செல்லும், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
நான் இந்தத் துறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். எப்.ஐ.ஆர். போட்டால் அந்த எண் கணக்கில் ஏறிவிடும், கண்டுபிடிக்கவில்லை என்றால் கிரைம் மீட்டிங்கில் இன்ஸ்பெக்டர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த இழுத்தடிப்பு. அது மக்கள் சுமக்க வேண்டிய பாரம் அல்ல. நாளைக்கே உங்கள் வண்டியில் போய் எவனாவது செயினை அறுத்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் அப்பா வாசலில்தான். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது எப்.ஐ.ஆர். தேதிதான். ஆகவே விடாதீர்கள்.

இன்னொரு விஷயம், அவசரம். கேமரா பெட்டியில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டே இருக்கும். டீக்கடைக்காரரிடம் சொல்லி அந்த நேரத்துப் பதிவை இன்றைக்கே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் திரையைப் படம் பிடித்தது மட்டும் போதாது.

நெடுஞ்சாலை ரைடர்:
புதுச் சட்டத்தில் 14 நாள் விசாரித்துவிட்டுத்தான் போடுவோம் என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். அது உண்மையா?

கோர்ட் வாசல்:
பாதி உண்மை. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், குற்றம் நடந்ததற்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்க 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம், 173(3). திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை என்பதால் அதைக் காட்டுவார்கள். ஆனால் அதற்கு டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். ரைட்டர் வாயால் சொன்னால் ஆகாது. “டி.எஸ்.பி. அனுமதி வாங்கியிருக்கிறீர்களா சார்?” என்று பணிவாகக் கேளுங்கள்.

அப்போதும் மறுத்தால், புகாரின் சாராம்சத்தை எழுதி எஸ்.பி.க்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு. 173(4) கொடுக்கும் உரிமை அது. நேரில் மனு கொடுத்தாலும் தபாலையும் அனுப்பிவிடுங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எஸ்.பி.யிடமும் நகரவில்லை என்றால்தான் மாஜிஸ்திரேட். அங்கே 175(3)ன்படி, பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் அங்கே போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண் அதற்குத்தான். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

க்ளெய்ம் பிரிவில் இருப்பவள்:
தம்பி, எப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்காமல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே மெயில் போட்டுவிடுங்கள், சி.எஸ்.ஆர். நகலை இணைத்து. திருட்டைப் போலீசுக்கு உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அந்த வாக்குவாதமே எதற்கு? ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

டெல்டாக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. புதிய புகாரை எடுத்துப் போனேன், வாங்க மறுத்தார்கள். எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். இந்த வாரம் ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டுவிட்டு, 303(2)ல் எப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். நகல் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் செலவுக்குக் கொடு என்றார் ஒருவர். 173(2)ல் இலவசம் என்று எழுதியிருக்கிறதே சார் என்றதும் கொடுத்துவிட்டார். கேமரா பதிவையும் வாங்கிக்கொண்டார்கள். இன்சூரன்ஸுக்கு இது போதுமா?

க்ளெய்ம் பிரிவில் இருப்பவள்:
க்ளெய்ம் தொடங்க இது போதும். பணம் கைக்கு வர, வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் கொடுக்கும் இறுதி அறிக்கையும் கேட்பார்கள். அசல் சாவி இரண்டையும் ஒப்படைக்க வேண்டும், இரண்டாவது சாவி எங்கே என்று இப்போதே தேடி வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு, 193வது பிரிவு. எப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டு காவல்துறை இணையதளத்தில் நீங்களும் பார்க்கலாம். அந்த 90 நாள் தாண்டியும் தகவல் வரவில்லை என்றால் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, அதற்கும் ஒப்புகை வாங்குங்கள்.