பிலிப்ஸ் ஹியூ பல்புக்கு இவ்வளவு காசு தகுமா?

வேளச்சேரிவாசி: புது வீட்டுக்கு ஸ்மார்ட் பல்பு பார்க்கிறேன். ஒரு ஹியூ வாங்கும் காசில் சாதாரண வைஃபை பல்பு இரண்டு மூன்று வந்துவிடும் போலிருக்கிறதே, அப்படி என்னதான் வித்தியாசம்?

கம்பிக்காரன்: ஹியூவை ஜிக்பீ பிரிட்ஜோடு (வைஃபை இல்லாமல் தனி ரேடியோ சிக்னலில் பல்புகளோடு பேசும் சின்னப் பெட்டி) போட்டால் இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் ரிமோட் சுவிட்ச் வேலை செய்யும். மலிவு பல்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தொங்குபவை, நிறையப் போட்டால் சின்ன ரவுட்டர் திணறும். நாலு பல்புதான் என்றால் பிரிட்ஜ் தண்டம்.

மாடிவீடு: அதெல்லாம் சரி, கரண்ட் போய் நடுராத்திரி திரும்பி வந்ததும் படுக்கையறை பல்பு பளீரென்று எரியும் பாருங்கள், குழந்தை எழுந்துவிடும்! பழைய நிலைக்கே திரும்பும் செட்டிங் ஹியூவில் உண்டு, மற்றதில் கேட்டு வாங்குங்கள்.

சிக்கனம்: அந்தக் காசுக்குப் பேசாமல் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியாக இழுக்கும் மோட்டார் வைத்தது) வாங்குங்க சார். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 சொச்சம்தான்.