நம் பெயரில் பேசுகிறவர்கள்: இணையச் சட்டங்களுக்குப் பின்னால் நீங்கள் பார்த்தது என்ன?

பழைய மோடம்:

இணையத்துக்குக் கடிவாளம் போடுகிறோம் என்று எந்த அரசு கிளம்பினாலும் உடனே இரண்டு கூட்டம் சேர்ந்துவிடும். "சுதந்திரம் போச்சு" என்று ஒன்று, "பாதுகாப்பு வேண்டாமா" என்று இன்னொன்று. இந்தக் கூட்டங்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர் யார் என்பது மட்டும் கடைசிவரை வெளியே வராது. கட்சிச் சண்டை வேண்டாம். நீங்கள் நேரில் பட்டது, பார்த்தது எதுவோ அதை எழுதுங்கள். பிள்ளையார் சுழி நானே போடுகிறேன்.

என் பெரியப்பாவுக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது. இணையச் சேவை நிறுவனங்கள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாமா என்று ஒரு துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, வந்ததையெல்லாம் அப்படியே வெளியிட்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் வீட்டு ஆட்கள் பெயரை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். பெரியப்பா பெயரில் ஒரு கடிதம்! "அளவுக்கு மீறிய விதிமுறைகள் புத்தாக்கத்தின் குரல்வளையை நெரிக்கின்றன" என்று ஆரம்பித்தது. மனுஷன் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

யாரோ ஒரே பெயர்க்காரர் என்று விட்டிருப்பேன். முகவரிதான் விடவில்லை. வீட்டு எண் 14 என்பதற்குப் பதில் 41 என்று இருந்தது. அந்தத் தப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த தப்பு. ஒரு பரிசுக் குலுக்கல் படிவத்தில் பெரியப்பாவே எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார். அதிலிருந்து அவருக்கு வரும் விளம்பரத் தபாலெல்லாம் 41ஆம் எண் வீட்டுக்குத்தான் போகும். அந்த வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பார். ஆக, குலுக்கலுக்குக் கொடுத்த விவரம் கைமாறிக் கைமாறி ஒரு கொள்கை விவாதத்தில் வந்து நின்றிருக்கிறது.

நீக்கச் சொல்லி எழுதினோம். பதிவான கருத்தை நீக்க முடியாது, வேண்டுமானால் "அது நான் எழுதியதல்ல" என்று புதிதாக ஒரு கருத்துப் பதியுங்கள், அதுவும் பெயர் முகவரியோடு பொதுவில் வெளியாகும் என்று பதில் வந்தது. பெரியப்பா பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்.

நிழல்படி:

மோடம் சார், உங்கள் பெரியப்பாவுக்கு இதில் நிறையக் கூட்டாளிகள் உண்டு. 2017இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இணையச் சமநிலை விதிகளை, அதாவது சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதிகளை, நீக்கலாமா என்று கருத்துக் கேட்டபோது 2.2 கோடிக்கு மேல் கருத்துகள் வந்தன. நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கைப்படி அவற்றில் சுமார் 1.8 கோடி போலி. விதிகளை நீக்கச் சொல்லி வந்ததில் சுமார் 85 லட்சம், பிராட்பேண்ட் நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஒரு பிரசாரத்திலிருந்து வந்தவை. செலவு 42 லட்சம் டாலர். மக்களின் கையெழுத்தைத் திரட்டித் தருவதாக ஒப்பந்தம் எடுத்த சில நிறுவனங்கள், பரிசு அட்டை, குலுக்கல் என்று ஆசை காட்டித் திரட்டிய பெயர்களை எடுத்து இதில் போட்டிருக்கின்றன. ஒரு நிறுவனம் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. எங்கோ திருடுபோய் இணையத்தில் கொட்டிக்கிடந்த பெயர்களையே அள்ளிப் போட்டுவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரண்டு செனட்டர்கள், ஜெஃப் மெர்க்லியும் பாட் டூமியும், தங்கள் பெயரிலேயே போலிக் கருத்து பதிவாகியிருப்பதைப் பார்த்து 2018இல் ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

எனக்குச் சொந்த அனுபவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்த அறிக்கையைப் படித்தபின் குலுக்கல் படிவம் நிரப்புவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

கூலிக்கு மாரடித்தவன்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில் கடிதம் எழுதுவது என் வேலை. ஓர் எக்செல் தாள் இருக்கும். முதல் பத்தியில் ஆரம்ப வாக்கியங்கள்: "கவலைப்படும் குடிமகன் என்ற முறையில்", "இரண்டு பிள்ளைகளின் தாயாக", "சிறு தொழில் நடத்துகிறவன் என்பதால்". நடுப்பத்தியில் வாதங்கள். கடைசிப் பத்தியில் வேண்டுகோள். மென்பொருள் மூன்றிலிருந்தும் ஒவ்வொன்றைக் கோத்துக்கொண்டே போகும். "கட்டுப்பாடு" வரும் இடத்தில் "நெருக்கடி", "தலையீடு", "சுமை" என்று மாற்றிப் போட ஒரு தனிப் பட்டியல். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சந்தேகம் வரும், அங்கங்கே ஓர் எழுத்துப்பிழை விடு என்பது மேலாளர் உத்தரவு. பிழை விடச் சொல்லி எனக்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அதுதான்.

பணம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரை அலுவலகத்தில் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். வெளியே ஒரு "கூட்டணி" நிற்கும். அதற்குப் பெயர் வைப்பதும் எங்கள் வேலையே. "பயனர்", "குடும்பம்", "எதிர்காலம்" மூன்றில் குறைந்தது இரண்டு சொல்லாவது பெயரில் இருக்க வேண்டும். இலச்சினையில் ஒரு குழந்தையோ இலையோ இருந்தால் நல்லது.

நிழல்படி சொன்ன அந்த 2017 விவகாரத்தில் ஒரு தரவு ஆய்வாளர் கருத்துகளை அலசி, ஒரே சட்டகத்தில் சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டவை 13 லட்சம் இருக்கும் என்று காட்டினார். அதைப் படித்ததும் எனக்கு எங்கள் எக்செல் தாள்தான் கண்ணில் நின்றது. எல்லாக் கடையிலும் ஒரே சரக்குதான் போல.

குறுக்கே ஒரு கேள்வி:

அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்படிச் சொல்லிச் சொல்லியே, கூட்டமாக வரும் எந்தக் கருத்தையும் "காசு கொடுத்துக் கூட்டிய கூட்டம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே நியூயார்க் அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. விதிகள் வேண்டும் என்ற பக்கத்தில் 77 லட்சம் கருத்துகளை 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாளாக, கற்பனைப் பெயர்களில், போட்டிருக்கிறார். நிறுவனமும் இல்லை, கூலியும் இல்லை. நமக்குப் பிடித்த பக்கம் என்பதற்காக அதை மட்டும் சொல்லாமல் விடுவது நியாயமா?

அச்சடித்த கடிதம் எல்லாமே போலி என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 20 கேள்விகளோடு ஆலோசனை அறிக்கை வெளியிட்டபோது, இணையச் சமநிலைக்காகத் தன்னார்வலர்கள் ஒரு தளம் திறந்து பதில்களைத் தயாராக வைத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. வார்த்தை பலருக்கும் ஒன்றுதான். ஆனால் அனுப்பியவர் உயிரோடு இருந்தார், என்ன அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பினார். நானும் அனுப்பினேன். அந்த ஏப்ரல் இறுதியில் டிராய் அவ்வளவு மின்னஞ்சல்களையும் முகவரியோடு தளத்தில் போட்டுவிட்டது என்பது தனிக்கதை. கருத்துச் சொல்ல வந்தவனின் முகவரி விளம்பரக்காரனுக்கு இலவசம்!

அந்த ஆண்டு டிசம்பரில் சில தளங்களுக்கு மட்டும் கட்டணச் சலுகை தரலாமா என்ற அடுத்த சுற்று வந்தது. அப்போது ஃபேஸ்புக், குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக, பயனர்களின் திரையிலேயே ஒரு கடிதத்தை நீட்டி அனுப்பச் சொன்னது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வேறு. கேட்ட நான்கு கேள்விகளுக்கு இதில் பதில் எங்கே என்று டிராயே கேட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது.

இங்கும் அனுப்பியவர் நிஜ ஆள்தான். அதனால் நிஜ ஆளா, போலியா என்ற ஒரே கேள்வி போதாது. எதற்காக இதை அனுப்புகிறோம், இதனால் யாருக்கு லாபம் என்று அனுப்புகிறவருக்குத் தெரிந்திருந்ததா? நான் அங்கேதான் கோடு போடுவேன்.

வரைவு நகல்:

தம்பி சொல்வது சரி. நான் பார்த்தது இன்னும் சத்தமில்லாத வகை.

சட்ட வரைவைப் பரிசீலிக்கும் குழு ஒன்றுக்கு உதவியாளராக இருந்தேன். உறுப்பினர்கள் திருத்தங்களைக் கோப்பாக அனுப்புவார்கள், நாங்கள் தொகுக்க வேண்டும். ஓர் உறுப்பினரின் திருத்தத்தில் பக்க எண் சரியாக விழவில்லை என்று கோப்பின் பண்புகளைத் திறந்தேன். ஆசிரியர் என்ற இடத்தில் அந்த உறுப்பினர் பெயரும் இல்லை, அவர் அலுவலக ஆட்கள் பெயரும் இல்லை. அந்தச் சட்டம் வந்தால் அதிகம் நஷ்டப்படக்கூடிய நிறுவனம் ஒன்றின் சட்ட ஆலோசகர் பெயர் இருந்தது. திருத்தம் என்னவோ சின்னதுதான். "வெளிப்படையான ஒப்புதல்" என்பதில் "வெளிப்படையான" என்பதை எடுத்துவிடச் சொன்னது. ஒரே ஓர் அடைமொழி. அது போய்விட்டால், தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினாலே சம்மதித்த மாதிரி என்று பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

என் மேலதிகாரியிடம் காட்டினேன். "பக்க எண்ணைச் சரிசெய்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

இது எங்கோ ஓரிடத்தில் நடந்த கூத்தில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ 4,000 திருத்தங்கள் குவிந்தன. 2013இல் சில செய்தியாளர்களும் தனியுரிமை ஆர்வலர்களும் சேர்ந்து, நிறுவனங்கள் கொடுத்த கோரிக்கைத் தாள்களையும் உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அமேசான், இபே, அமெரிக்க வர்த்தக சபை கொடுத்த வாசகங்கள் சில இடங்களில் வரிக்கு வரி அப்படியே இருந்தன. 2012இல் வரைவு வந்த சட்டம் 2018 மே 25 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

பச்சைப் பொத்தான்:

அந்தச் சட்டம் வந்தபின் ஒப்புதல் பெட்டி செய்து கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. "ஏற்கிறேன்" பெரிதாக, பச்சையாக, கட்டைவிரல் படும் இடத்தில். மறுப்பதற்குச் சாம்பல் எழுத்தில் "மேலும் அமைப்புகள்", அதற்குள் ஒரு பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். மறுக்கும் பொத்தானையும் அதே அளவில் வைத்து ஒரு வடிவம் செய்து காட்டினேன். சோதனையில் ஏற்பவர்கள் எண்ணிக்கை சரிந்தது. மறுநாளே அதைத் தூக்கிவிட்டார்கள்.

முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி ஒப்புதலே ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. ஏற்பது ஒரு சொடுக்கில், மறுப்பது பல சொடுக்கில் என்று வைத்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. அதன்பிறகு எங்கள் அலுவலகத்திலும் என் பழைய வடிவத்தைத் தேடினார்கள்.

நடுப்பக்கம்:

எல்லாரும் நிறுவனங்களையே வெளுக்கிறீர்கள். அரசுகள் மட்டும் பச்சைக் குழந்தையா?

குழந்தைகள் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேசியவர் தன்னைப் பெற்றோர் சார்பில் வந்தவர் என்று அறிமுகம் செய்துகொண்டார். உருக்கமாகப் பேசினார், எனக்கே கண் கலங்கியது. வெளியே வரும்போது கொடுத்த பையில் வயதைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றின் விளம்பரத் தாள் இருந்தது. தொடர்புக்கு என்ற இடத்தில் அதே ஆளின் பெயர். குழந்தைகளுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. விற்பவர்தான் அவர் என்று மேடையிலேயே சொல்லியிருக்கலாம் என்கிறேன்.

வயதை நிரூபிக்க அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பு என்கிறார்கள். அனுப்பினால் என்ன ஆகும்? 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி நிறுவனம், வெளி ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று சொன்னது. மாற்றிக்கொள்ள அது என்ன கடவுச்சொல்லா?

இன்னொன்றைக் கேளுங்கள். தனிப்பட்ட செய்திகளைக் குழந்தைகள் பாதுகாப்புக்காகச் சலிக்கச் சொல்லும் ஒரு சட்டத்தை 2022 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும், 2023இல் எக்ஸ் தளத்தில் நெதர்லாந்துப் பயனர்களுக்கு ஆதரவு விளம்பரம் ஓட்டியது. அரசியல், மத ஈடுபாடுகளை வைத்துச் சிலரை விலக்கி, மற்றவர்களுக்கு மட்டும் போகும்படி விளம்பரம் அமைந்திருந்தது. அப்படி முத்திரை குத்தி ஆள் பிரிப்பது அவர்களே போட்ட தரவுச் சட்டத்துக்கு ஆகாத காரியம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2024 டிசம்பரில் இது சட்டவிரோதம் என்று சொல்லிக் கண்டித்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

பழைய மோடம்:

சரி, நம்மைப் போன்றவர்கள் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அதையும் யாராவது எழுதுங்களேன்.

வரைவு நகல்:

இடத்துக்கு இடம் மாறும் சார். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனங்களுக்காக அரசியல்வாதிகளிடம் ஆதரவு திரட்டும் வேலை (லாபியிங்) செய்கிறவர்கள் யாருக்காக, எவ்வளவு செலவழித்தோம் என்று பதிய வேண்டும். ஐரோப்பிய ஆணையர்கள் 2014 டிசம்பரிலிருந்து யாரைச் சந்தித்தோம் என்று வெளியிடுகிறார்கள். ஒரு கூட்டணியின் பெயரை அங்கே போட்டுப் பாருங்கள், பல சமயம் பணம் கொடுத்தவர் வால் தெரியும்.

இந்தியாவில் அப்படிக் கட்டாயப் பதிவேடு எதுவும் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும். அதிலும் தனிநபர் தகவலை எப்போது மறுக்கலாம் என்ற பிரிவு 8(1)(ஜே)வை, 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே திருத்திவிட்டது. பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. வேறொரு பிரிவு, 8(2), இன்னும் இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறதுதான். ஆனால் மறுக்க நினைக்கும் அதிகாரி எந்தப் பிரிவை முதலில் எடுப்பார் என்று எனக்குச் சந்தேகமில்லை. நம் தனியுரிமைக்காக என்று வந்த சட்டம் அவர்கள் கோப்புக்கும் திரை போட்டுக் கொடுத்திருக்கிறது.

கூலிக்கு மாரடித்தவன்:

பதிவேடெல்லாம் பார்த்து எங்களைப் பிடித்தவர்கள் குறைவு. கடிதத்தின் நடு வாக்கியத்தை அப்படியே தேடலில் போட்டுப் பிடித்தவர்கள் உண்டு. ஆரம்பமும் முடிவும் மாறும், நடு வாக்கியத்தில் சோம்பல்பட்டிருப்போம்.

எங்கள் அலுவலகமே நடுங்கியது ஒரு தடவைதான். ஒரு நிருபர் கூட்டணியின் எண்ணுக்குக் கூப்பிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "உங்களிடம் உறுப்பினராகச் சேர வேண்டும், சந்தா எவ்வளவு?" என்று கேட்டார். அதுவரை உறுப்பினர் கட்டணம் என்ற ஒன்றை யாரும் யோசித்தே வைத்திருக்கவில்லை. மேலாளர் "திருப்பி அழைக்கிறோம்" என்று வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அந்த எண்ணையே மாற்றிவிட்டார்.