தரமான சம்பவம்

பெரியப்பா: கார்த்தி, நேற்று ராத்திரி 11 மணிக்கு "தாத்தா வீட்டில் தரமான சம்பவம், மொத்தப் பேரும் காலி" என்று போட்டுவிட்டு போனை அணைத்துவிட்டாய். நானும் பெரியம்மாவும் விடியும்வரை கண் மூடவில்லை.

கார்த்தி: சாரி பெரியப்பா. சார்ஜ் போயிடுச்சு. தாத்தா கேரம்ல எங்க நாலு பேரையும் ஜெயிச்சார், அவ்வளவுதான்

ராஜி அத்தை: எனக்கும் கை நடுங்கிவிட்டது. அப்பாவுக்கு 84 வயது

மாலா சித்தி: சரி விடுங்கள். வியாழக்கிழமை மாமாவைக் கண் டாக்டரிடம் யார் கூட்டிப் போவது?

பெரியப்பா: விட முடியாது மாலா. இவன் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது "சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்" என்று பேப்பரில் போடுவார்களே, அதுதான். ஐம்பது வருடமாக அந்தச் சொல்லை அப்படித்தான் படித்திருக்கிறேன். புதுச் சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மென்பொருள், இணையம் எல்லாம் நம் காலத்தில் வந்தவைதான், அவற்றை நானே ஆசையாகப் பழகிக்கொண்டேன், அந்தப் பொருள்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆனால் கெட்ட செய்திக்கு இருக்கிற சொல்லை எடுத்து விளையாட்டில் ஜெயித்ததற்கு வைத்தால், நாளைக்கு நிஜமாகவே ஒன்று நடந்தால் எந்தச் சொல்லால் சொல்வாய்?

கார்த்தி: பூமர் மாதிரி பேசாதீங்க பெரியப்பா

நித்யா அக்கா: டேய்

பெரியப்பா: அதுவும் தப்பு. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்கு அமெரிக்காவில் வைத்த பெயர் அது. நான் பிறந்தது 1966. யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்வதுதான் எனக்கு எரிச்சல்.

ராஜி அத்தை: அண்ணா, ஹாஸ்டலிலிருந்து நீ எழுதிய கடிதத்தில் "வாத்தியார் ஒரே அறுவை, சீனியர் விடுவதெல்லாம் பீலா" என்று இருந்தது. அப்பா இரண்டு சொல்லையும் சிவப்பு மையில் சுழித்து உனக்கே திருப்பி அனுப்பினார். நான்தான் தபால் பெட்டியில் போட்டேன்

நித்யா அக்கா: அய்யோ பெரியப்பா

பெரியப்பா: நிஜம்தான். அப்பா சுழித்ததும் சரிதான், அதன் பிறகு அவருக்கு நான் அப்படி எழுதவில்லை. ஆனால் அறுவை என்று படித்து யாருக்கும் வயிறு கலங்கவில்லையே ராஜி. நண்பர்களிடம் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். இந்தக் குழுவில் தாத்தாவைப் பற்றி எழுதும்போது மட்டும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதட்டும்.

கார்த்தி: ஓகே பெரியப்பா. இனிமே எழுத மாட்டேன். நிஜமா சாரி

மாலா சித்தி: அந்தக் கேரம் போர்டு எங்கள் வீட்டுடையது. விடுமுறைக்கு என்று வாங்கிப் போய் இரண்டு வருடம் ஆகிறது

ராஜி அத்தை: அதை இப்போதுதான் கேட்க வேண்டுமா மாலா

மாலா சித்தி: வியாழக்கிழமையைப் பற்றியும்தான் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை

நித்யா அக்கா: லீவு கிடைத்தால் நான் போகிறேன் சித்தி

பெரியப்பா: எத்தனை மணிக்கு?

மாலா சித்தி: மேலே பாருங்கள், திங்கட்கிழமையே போட்டிருக்கிறேன்