வேவு பார்க்கும் மிளகு

மதுரை செல்லூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் தண்ணீர்த்தொட்டி ஓரம் கத்திக்கொண்டு கிடந்த குட்டிதான் மிளகு. பூனை வளர்ப்பவர்கள் அது எப்படித் தூங்குகிறது என்றுதான் படம் போடுகிறார்கள். எங்கள் மிளகு பார்க்கிறதைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

காலையில் கோலம் போட்டால் நிலைப்படியில் உட்கார்ந்து பார்க்கும். ஒரு புள்ளி விட்டுப்போனால் சொல்லிவிடும்போல இருக்கும். அரிசி களைந்தால் சன்னல் திண்டு. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே, அடியில் தெரியும் இடுக்கில் ஒற்றைக் கால். பத்து மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் அதுவும் துணி மூட்டைமேல் ஏறிவிடும். ஊசி ஏறி இறங்க, தலையும் ஏறி இறங்கும். அளவு கொடுக்க வருகிற பெண்கள், "என்னக்கா, மேஸ்திரி போட்டுட்டீங்களா?" என்று சிரிப்பார்கள். எதிர்வீட்டுப் பாட்டிக்கு மட்டும் பயம், வெளியே கிளம்பும்போது குறுக்கே வந்துவிடுமோ என்று. "அது எங்க பாட்டி குறுக்க வருது, உக்காந்து பாத்துக்கிட்டுல்ல இருக்கு!" என்பேன்.

இந்தப் பார்வையால்தான் போன தீபாவளி சீசனில் வினை வந்தது. ராப்பகலாய்த் தையல். மிளகு இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை, வாந்தி, எச்சில் ஒழுகல். வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்கு அடியில் சிவப்பு நூல். இழுத்து எடுத்துவிடலாம் என்று கை வரைக்கும் போனேன். என்னமோ மனசு கேட்கவில்லை, கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். "இழுக்காம விட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்மா" என்றார். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் போயிருக்கும். இழுத்தால் நூல் குடலையே அறுத்துவிடுமாம். பூனை நாக்கில் இருக்கும் முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கமாகவே சாய்ந்திருப்பதால், நூல் ஒன்று உள்ளே போய்விட்டால் அதற்குத் துப்பத் தெரியாது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அன்றிலிருந்து பாபினும் நூல்கண்டும் பிஸ்கட் டின்னுக்குள். அறுந்த நூலைத் தரையில் போடுகிற முப்பது வருஷப் பழக்கத்தையும் விட்டேன். தையல்காரர்கள் பூனை வளர்த்தால் இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆபரேஷன் தையலை நக்கிவிடாதபடி கழுத்தில் புனலைக் கட்டிக்கொண்டு மிளகு முன்னறையில் கிடந்த நாட்களில் ஒன்று நடந்தது. நான் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறேன். கடையில் இருந்தபோது நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வீட்டுக்காரர் முன்னறையில் போட்டுக் கேட்டார். மிளகு போனைப் பார்த்தது, சமையலறைக் கதவைப் பார்த்தது, மறுபடி போனை. புனலோடு எழுந்து தள்ளாடிப் பின்கட்டுக்கு வந்து, நான் அங்கேதான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

என் அக்கா மகனிடம் சொன்னேன். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதையே சோதித்து 2021-ல் வெளியிட்டிருக்கிறார்களாம். ஓரிடத்தில் கேட்ட எஜமானர் குரல், நடந்துவர நேரமே கொடுக்காமல் வேறிடத்தில் கேட்டால் பூனைகள் திகைத்தனவாம். ஆள் கண்ணில் படாவிட்டாலும் எங்கே இருக்கிறார் என்று மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்கின்றன. நான் அதை வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அது எனக்கு அட்டென்டன்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது.

கோவைக்காரன்:
எங்க வீட்டுல ஒண்ணு லேப்டாப் பின்னால உக்காந்து என் மூஞ்சியையே பாக்குமுங்க. மீட்டிங்ல மேனேஜர் பாக்குறதவிட அதான் கூச்சமா இருக்கும். நீங்க கண்ணைச் சுருக்கி மெல்ல மூடித் திறந்து பாருங்கக்கா. 2020-ல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வுல, அப்படிச் செஞ்சவங்களைப் பாத்துப் பூனையும் கண்ணைச் சுருக்குச்சாம், முன்பின் தெரியாதவங்க பக்கத்துலயும் வந்துச்சாம். எங்களுது பத்துக்கு ஏழு தடவை பதில் சொல்லும். மீதி மூணு தடவை கொட்டாவி.

தூத்துக்குடி டீச்சர்:
நூல் கதை படித்து வயிறு கலங்கிவிட்டது. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: பூனைக்கு உடம்பு சுட்டால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு அது விஷம். மற்றபடி, பாசம் கீசம் எல்லாம் சும்மா. எங்கள் வீட்டுப் பூனை என் கையைப் பார்ப்பதில்லை, மீன்காரர் சைக்கிள் மணியைத்தான் பார்க்கிறது.

செல்லூரிலிருந்து மறுபடி:
டீச்சர், எங்கள் வீட்டில் மீன் வாங்குவது ஞாயிறு மட்டும். மற்ற ஆறு நாளுக்கு என்ன கணக்கு? கோவைத் தம்பி, கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். என்னைவிட மெதுவாக மூடித் திறந்தது.

போன மாசம் அம்மாவுக்கு முடியாமல் உசிலம்பட்டியில் நாலு நாள் தங்கிவிட்டேன். பத்து மணியானால் மூட்டைமேல் ஏறி, மூடிக் கிடந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்ததாம். திரும்பி வந்து பை வைத்தால் கிட்ட வரவே இல்லை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கெஞ்சினேன், கருவாடு காட்டினேன், அசையவில்லை. சரி போ என்று மெஷின் உறையை எடுத்து ஒரு அடி மிதித்தேன். காது மட்டும் முதலில் திரும்பியது.