கைப்பையில் கிடந்த ஒற்றைத் தோட்டா: ஆலோசனை தேவை

குழுவினருக்குச் செங்கோட்டையிலிருந்து வணக்கம்.

ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட என் மைத்துனரைக் கேரளத்தின் ஒரு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். கைப்பையின் ஓர அறையில் துப்பாக்கித் தோட்டா ஒன்று கிடந்திருக்கிறது. அந்தப் பை அவருடையதன்று. ஆரியங்காவுக்கு அப்பால் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் என் மாமனாருடையது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக அவர் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். அவசரத்தில் பையை உதறிப் பார்க்காமல் துணியை அடுக்கியதுதான் நடந்த பிழை.

பாக்குவெட்டியோ கத்தரிக்கோலோ என்றால் பறித்துக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். தோட்டா என்பதால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்குப் பதிந்துவிட்டார்கள். பயணம் தடைபட்டுப் போயிற்று, மைத்துனர் இப்போது ஜாமீனில் இருக்கிறார்.

ஆயுதம் தன்னிடம் இருப்பதை ஒருவர் அறிந்திருந்தால்தான் அது குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் கூறியிருப்பதையும், அதைப் பின்பற்றித் தில்லி உயர் நீதிமன்றம் இத்தகைய பல வழக்குகளை ரத்து செய்திருப்பதையும் படித்தேன். கேரள உயர் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528ஆம் பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கோரி மனுச் செய்தவர்கள், அல்லது அவர்களுக்காக வாதாடியவர்கள் இங்கு இருக்கிறீர்களா? குற்றப்பத்திரிகைக்கு முன்பே போகலாமா, மாமனாரின் உரிம நகலுடன் அவரது வாக்குமூலமும் வேண்டுமா, வழக்கு நிலுவையில் இருக்கும்போது கடவுச்சீட்டைப் புதுப்பிக்க நீதிமன்ற அனுமதியை எப்படிப் பெறுவது? விசா முடிய ஆறு வாரமே இருப்பதால், அனுபவப்பட்டவர்கள் விரைந்து எழுதினால் நன்றியுடையவனாவேன்.